முதலில் அந்தப் பெயர்களைப் படியுங்கள்

கேள்வி: தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரத்துக்கு அருகே வசிக்கிறேன். எங்கள் பகுதி நூலகத்தின் வாசிப்புக் குழுவில் மாதம் ஒரு புத்தகம் படிக்கிறோம். அடுத்த மாதத்துக்கு எட்வர்ட் பால் எழுதிய ‘ஸ்லேவ்ஸ் இன் த ஃபேமிலி’ தேர்வாகியிருக்கிறது. அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தின் வாரிசு ஒருவரே தன் குடும்பத்தைப் பற்றி எழுதிய புத்தகம். கூட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னுடையது. குழுவில் பழைய நெல் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற கறுப்பின ஆசிரியை ஒருவரும் இருக்கிறார். புத்தகத்தைத் தேர்ந்தெடுத்த அன்றே முதலாமவர், “எங்கள் வீட்டில் அவர்களை நன்றாகத்தான் வைத்திருந்தார்கள்” என்றார். ஆசிரியை எதுவும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்தக் கூட்டத்தை எப்படி நடத்துவது? எனக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தஞ்சைப் பக்கத்தில் என் மாமனார் வீட்டுப் பெட்டியில், நிலப் பத்திரங்களோடு, ஆட்களை விற்றதற்கான பழைய ஓலை ஒன்று இருக்கிறது. அதை அங்கே சொல்ல வேண்டுமா? எந்தப் பக்கத்தையும் சேராத நான் இதை நடத்தலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தாராளமாக நடத்தலாம். அந்த அறையில் யாருடைய தாத்தாவையும் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் பஞ்சாயத்துத் தலைவர் போல உட்கார்ந்து, ‘இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது’ என்று சமாதானம் பேசிவிடாதீர்கள். மனிதரை விலைக்கு வாங்கியதில் இன்னொரு தரப்பு நியாயம் என்று எதுவும் கிடையாது. அதில் உறுதியாக நின்றுகொண்டு, எதிரே இருப்பவர்களிடம் மரியாதை குறையாமல் பேச உங்களால் முடிந்தால் போதும்.

நூலகராகப் பழைய குடும்ப ஆவணங்களைப் பட்டியலிடுவதும் வாசிப்பு வட்டங்களை நடத்துவதும் என் வேலை. இத்தகைய புத்தகங்களைப் பேச எடுத்தால் பெரும்பாலும் ஒன்று நடக்கும். கொஞ்ச நேரத்திலேயே பேச்சு எஜமானர் வீட்டு வாரிசின் மனவேதனைக்குத் திரும்பிவிடும். அவர் வெட்கப்பட வேண்டுமா, தாத்தா செய்ததற்குப் பேரன் எப்படிப் பொறுப்பாவான், மன்னிப்புக் கேட்டது சரியா என்று நேரம் ஓடிவிடும். விலைக்கு வாங்கப்பட்டவர்கள் அந்த அறையிலும் பின்கட்டுக்கே தள்ளப்படுவார்கள். இந்தப் புத்தகத்தில் அந்த ஆபத்து கூடுதல். எழுதியவர் எஜமானர் வீட்டுப் பிள்ளை, கதை சொல்லும் குரலும் அவருடையது. அதனால் கூட்டத்தை அவரிடமிருந்து தொடங்காதீர்கள். அவருடைய முன்னோர் வைத்திருந்த கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்.

1756ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, இரண்டாம் எலியாஸ் பால் நான்கு சிறுவர்களையும் இரண்டு சிறுமிகளையும் வாங்கியதாக எழுதி வைத்தார். தன்னால் கணிக்க முடிந்த வயது இது என்று ஒரு குறிப்பு. அப்புறம் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் எண். சாஞ்சோ 9, பீட்டர் 7, புரூட்டஸ் 7, ஹாரி 6, பெலிண்டா 10, பிரிசில்லா 10.

இதை ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். படித்து முடித்தவுடன் யாரையும் கருத்துச் சொல்லச் சொல்லாதீர்கள். சற்றுப் பொறுத்து, எளிய கேள்விகளாகக் கேளுங்கள். வயதை எதைப் பார்த்துக் கணித்திருப்பார்? புரூட்டஸ் என்ற ரோமானியப் பெயரை அந்த ஏழு வயதுப் பையனுக்கு யார் வைத்திருப்பார்கள்? ஆறு வயது ஹாரியின் தாய் எங்கே? பதில் தெரியாத கேள்விகள்தான் இவை. ஆனால் கூட்டம் யாரைப் பற்றியது என்பது அந்தக் கேள்விகளிலேயே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

அந்த ஆறு பேரில் பிரிசில்லாவின் கதையை மட்டும் தொடர்ந்து போக முடிந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலிருந்து ‘ஹேர்’ என்ற கப்பலில் கொண்டுவரப்பட்ட குழந்தை அவள். அந்தக் கப்பல் தெற்கத்திக் கப்பல் அல்ல. வடக்கே ரோட் ஐலண்டின் நியூபோர்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது, அந்த ஊர் வணிகர்களுக்குச் சொந்தமானது. சார்ல்ஸ்டனில் அந்தச் சரக்கை விற்றுக் கொடுத்த வணிகர் ஹென்றி லாரன்ஸ். பின்னாளில் அமெரிக்கப் புரட்சியின்போது காங்கிரஸின் தலைவராக இருந்த அதே லாரன்ஸ்தான். பால் குடும்பத்துப் பெண்ணான எலினரை மணந்தவர் அவர். மாப்பிள்ளை விற்கிறார், மனைவியின் வீட்டார் வாங்குகிறார்கள். குழுவில் யாராவது இதைத் தெற்கத்திக்காரர்களின் பாவம் என்று ஒதுக்கப் பார்த்தால், இந்தக் கப்பலின் வழித்தடத்தைச் சொல்லுங்கள்.

கப்பல் ஆவணங்களும் தோட்டக் கணக்குகளும் சேர்ந்துகொண்டதால், பிரிசில்லாவிலிருந்து இன்று உயிரோடு இருக்கும் சந்ததி வரை ஒரு கண்ணியும் அறாமல் தலைமுறைகளைக் கோக்க முடிந்தது. 2005இல் அந்தச் சந்ததியைச் சேர்ந்த பெண் ஒருவரைச் சியரா லியோன் நாடே வரவேற்று உபசரித்தது. சார்ல்ஸ்டன் பகுதியைச் சேர்ந்தவர்தான் அவர்.

இனி ‘நன்றாகத்தான் வைத்திருந்தார்கள்’ என்ற பேச்சு. இது அந்தப் பெண்மணி சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. எட்வர்ட் பாலும் தன் உறவினர்களிடம் இதைத்தான் கேட்டு வளர்ந்தார். மதம், பாலுறவு, மரணம், பணம், கறுப்பர்கள் ஆகிய ஐந்தைப் பற்றியும் நம் வீட்டில் பேசுவதில்லை என்று அவருடைய தந்தை வேடிக்கையாகச் சொல்வாராம். பேசாத வீட்டில் நல்ல கதைகள் மட்டும்தான் மிஞ்சும். எனவே அந்தப் பெண்மணியைப் பொய் சொல்பவராக நினைக்க வேண்டாம். அவருக்குக் கொடுக்கப்பட்ட கதையை அவர் சொல்கிறார். கூட்டத்தில் மீண்டும் சொன்னால், குரலை உயர்த்தாமல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “இது உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது? எந்தக் காகிதத்தில் இருக்கிறது, யார் சொன்னது?” பிறகு புத்தகத்துக்குத் திரும்புங்கள். நீங்கள் வாதாட வேண்டாம், ஆவணங்கள் பேசிக்கொள்ளும்.

அந்த ஆவணங்கள் என்ன பேசும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் கூட்டத்தின் கனமான பகுதி இதுவாகத்தான் இருக்கும். பால் குடும்பத்தின் தோட்டங்கள் இருந்த கூப்பர் ஆற்றங்கரை நெல் வயல்களில் வேலை என்றால் ஆண்டில் பல மாதங்கள் தேங்கிய நீரில் நிற்க வேண்டும். மலேரியா பரவிய சதுப்பு நிலம். அங்கே பிறந்த குழந்தைகளில் பெரும்பகுதி வளர்ந்து ஆளாகவில்லை. 1739இல் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்ததைத் தொடர்ந்து, 1740இல் வந்த சட்டம் அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று அதே சட்டம் உறுதிசெய்தது. சார்ல்ஸ்டனில் ‘வொர்க் ஹவுஸ்’ என்ற கட்டடம் இருந்தது. தன் கையால் அடிக்க விரும்பாத எஜமானர் அடிமையை அங்கே அனுப்பிக் கட்டணம் கட்டினால் போதும், அங்கிருப்பவர்கள் சாட்டையால் அடித்து அனுப்புவார்கள். தன் வீட்டில் சாட்டையே கிடையாது என்று பெருமைப்பட்டுக்கொள்ள இந்த ஏற்பாடு எவ்வளவு வசதி! தப்பி ஓடியவர்களைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி எஜமானர்கள் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நன்றாக வைத்திருந்த இடத்திலிருந்து, பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தும், ஒருவர் ஏன் சதுப்புக் காட்டுக்குள் ஓடினார் என்று கேளுங்கள்.

பால் குடும்பம் போர்வையும் துணியும் வழங்கிய பட்டியல்களையும் வைத்திருந்தது. அதைக் காட்டி, ‘பாருங்கள், எவ்வளவு கவனித்திருக்கிறார்கள்’ என்று யாராவது சொல்லக்கூடும். சொல்லட்டும். ஆனால் அதே பட்டியலில் பெயர்களை விரலால் தொட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஓர் ஆண்டின் பட்டியலில் இருக்கும் பெயர் அடுத்த பட்டியலில் இல்லையென்றால், அந்த ஆள் என்ன ஆனார்? செத்தாரா, விற்கப்பட்டாரா, ஓடிப்போனாரா? நான் ஆவணங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டது இப்படித்தான். இருக்கும் பெயர் எவ்வளவு பேசுமோ, காணாமல் போன பெயரும் அவ்வளவு பேசும்.

டாலி என்ற பெண்ணைப் பற்றிய பகுதியில் எச்சரிக்கையாக இருங்கள். முதல் எலியாஸின் வீட்டில் இருந்த அடிமைப் பெண் அவர். அவருடைய பிள்ளைகள் விடுதலை பெற்றதை வைத்து, அவர்களின் தந்தை எலியாஸாகவே இருக்கலாம் என்று எழுத்தாளர் ஊகிக்கிறார். குழுவில் யாராவது இதைக் காதல் கதையாக்குவார்கள், அநேகமாக நல்லெண்ணத்தோடுதான். ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை டாலிக்கு இருந்ததா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

துன்பத்தை மட்டுமே பேசிக் கூட்டத்தை முடித்துவிடாதீர்கள். அந்த மனிதர்களுக்கு அது இன்னொரு அநியாயம். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரையிலிருந்து வந்தவர்கள் தங்களுடன் நெல் சாகுபடி அறிவையும் கொண்டுவந்தார்கள். தென் கரோலினாவின் செல்வம் அந்த நெல்லில் வந்தது. உரலில் உலக்கையால் குற்றி, புல்லால் பின்னிய அகன்ற தட்டில் புடைத்து அரிசியாக்கினார்கள். மவுண்ட் பிளசன்ட் வழியாகப் போகும் 17ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் புல் கூடைகளைப் பின்னி விற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்களே, அந்தப் பின்னல் அந்தப் புடைக்கும் தட்டின் நேர் வாரிசு. முறம் பிடித்துப் புடைத்த கைகளைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. குழுவுக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும். முடிந்தால் ஒரு கூடையை வாங்கி மேசையில் வையுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியையைப் பற்றி இவ்வளவு தாமதமாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இதுவரை சொன்னதையெல்லாம் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் சுமை அவர் தலையில் விழக்கூடாது. கறுப்பினத்தவர் ஒருவர் அறையில் இருந்தால், எல்லோர் கண்ணும் அவர் பக்கம் திரும்பும். ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று அவரை முதலில் கேட்காதீர்கள். கூட்டத்துக்கு முன்பே, தனியாக, தொலைபேசியில் பேசுங்கள். அன்று சொல்லப்பட்டதை நீங்களும் கேட்டீர்கள் என்பதையும், அது சும்மா கடந்துபோகக் கூடியதல்ல என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். கூட்டத்தை எப்படித் தொடங்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, அவருக்கு எது சரிவரும் என்று கேளுங்கள். வர விரும்பவில்லை என்றால் ஏன் என்று துருவ வேண்டாம். வந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் அது அவர் விருப்பம்.

அவருக்கு இந்தப் புத்தகம் வேறொரு புத்தகமாகவும் இருக்கலாம். அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் வேரைத் தேடிப் போனால் 1870இல் முட்டி நிற்கின்றன. அடிமைகளாக இருந்தவர்கள் எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் கூட்டாட்சிக் குடிமதிப்பு அந்த ஆண்டில்தான் எடுக்கப்பட்டது. 1850, 1860 கணக்கெடுப்புகளில் எஜமானரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் ஆகியவை மட்டும். அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு பாட்டியின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எஜமானர் வீட்டுக் காகிதங்களே பெரும்பாலும் வழி. உயில், பிறப்புப் பட்டியல், போர்வைக் கணக்கு, விற்பனைச் சீட்டு. பால் குடும்பம் 1698 முதல் 1865 வரை இருபதுக்கும் மேற்பட்ட தோட்டங்களில் ஏறக்குறைய 4,000 பேரை அடிமைகளாக வைத்திருந்தது. அவர்களின் இன்றைய சந்ததியினர் 75,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று எட்வர்ட் பால் கணக்கிட்டார். ஒரு வீட்டுப் பரணில் கிடக்கும் காகிதக் கட்டு இன்னொரு வீட்டின் பிறப்புச் சான்றிதழாக இருக்கிறது.

இந்த இடத்தில்தான் அந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்கும் உங்கள் கூட்டத்தில் ஒரு வேலை கிடைக்கிறது. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நீங்கள் ஒன்றும் பெறப் போவதில்லை. ஆனால் அவர் குடும்பத்தில் பழைய காகிதங்கள் ஏதாவது இருக்கின்றனவா என்று கேட்கலாம். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வேண்டாம், முடிந்து வெளியே வரும்போது கேளுங்கள். இருந்தால், ஆவணக் காப்பகம் ஒன்றுக்குக் கொடுக்கலாம், அல்லது பிரதி எடுக்க அனுமதிக்கலாம். பால் குடும்பக் காகிதங்களில் ஒரு பகுதி தென் கரோலினா வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. 2023 ஜூனில் சார்ல்ஸ்டனின் கேட்ஸ்டன் துறையில், ஆப்பிரிக்கர்கள் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட அதே இடத்தில் திறக்கப்பட்ட சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில், குடும்ப வரலாறு தேடுவோருக்கென்றே ஒரு மையம் செயல்படுகிறது. அங்கே உங்கள் குழுவையே ஒரு நாள் அழைத்துப் போகலாம். எஜமானர், அடிமை ஆகிய இரு வழிச் சந்ததியினரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதற்காக 2006இல் தொடங்கப்பட்ட ‘கமிங் டு த டேபிள்’ என்ற அமைப்பும் இருக்கிறது. அந்தப் பெண்மணி பின்னர் உங்களிடம் வந்து மேலும் பேச விரும்பினால், அவரை அங்கே ஆற்றுப்படுத்துங்கள். அவருடைய மனப்போராட்டத்தை உங்கள் குழுவும், குறிப்பாக அந்த ஆசிரியையும், சுமக்க வேண்டியதில்லை.

மன்னிப்பு பற்றிய விவாதம் எப்படியும் வரும். எட்வர்ட் பால் மன்னிப்புக் கேட்டார். சியரா லியோனுக்குப் போய், ஆட்களைப் பிடித்து விற்ற ஆப்பிரிக்கத் தலைவர்களின் வாரிசுகளையும் சந்தித்தார். கரீபியத் தீவான கிரெனடாவில் முன்னோர் அடிமைகளை வைத்திருந்த பிரிட்டனின் டிரெவெல்யன் குடும்பத்தார் 2023இல் அங்கேயே போய் மன்னிப்புக் கேட்டு 1,00,000 பவுண்டு கொடுத்தார்கள். இது போதுமா, போதாதா என்று வாக்கெடுப்பு நடத்த வேண்டாம். அதைச் சொல்ல வேண்டியவர்கள் மன்னிப்புக் கேட்கப்பட்டவர்கள். என் கருத்தைக் கேட்டால், காகிதங்களைக் கொடுக்காமல் கேட்கும் மன்னிப்புக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

நடைமுறையில் ஒரு விஷயம்: புத்தகம் பெரியது. எல்லோரும் முழுதும் படித்திருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். பிரிசில்லா வரும் பகுதியையும், எழுத்தாளர் இன்றைய கறுப்பினக் குடும்பங்களைச் சந்திக்கும் ஓரிரு பகுதிகளையும் முன்கூட்டியே சொல்லி, அவற்றையாவது படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் மாமனார் வீட்டு ஓலை. சார்ல்ஸ்டன் கூட்டத்தில் அதைப் பேச்சின் நடுவே எடுக்காதீர்கள். ‘எங்கள் நாட்டிலும் இருந்தது’ என்று நீங்கள் வருத்தத்தோடு சொன்னாலும், ‘எல்லா இடத்திலும் இருந்ததுதானே’ என்று அந்தப் பெண்மணிக்கு ஒரு நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியைக் கொடுக்க நீங்கள் அங்கே போகவில்லை. ஆசிரியையோடு தனியாகப் பேசும்போது, அவர் கேட்டால், ஒளிக்காமல் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தையும் சேராதவர் என்று உங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊரில் சரி. தஞ்சையில் உங்களுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது.

இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. அடிமை வாணிபம் தண்டனைக்குரிய குற்றமானது இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1862இல்தான். அதற்குப் பிறகும் பெயர் மாறிப் பண்ணையாள் முறை நீடித்தது. தஞ்சைப் பண்ணையாட்களுக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் 1952இல் கொண்டுவர வேண்டியிருந்தது. எனவே அந்த ஓலையில் இருக்கும் பெயர்கள் ஏதோ புராண காலத்துப் பெயர்கள் அல்ல. அவர்களின் கொள்ளுப்பேரர்கள் அதே ஊரில், ஒருவேளை உங்கள் மாமனாரின் வயலிலேயே, இன்றும் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

மாமனாரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அதை எரிக்கவோ ஆற்றில் விடவோ கூடாது. வீட்டிலேயே எண்ணெய் பூசித் துடைக்கவும் வேண்டாம். ஓலைச்சுவடிப் பராமரிப்பில் பயிற்சி உள்ளவர் கையில் அது போக வேண்டும். இரு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து, பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு பெயர்களைப் பிரித்தெழுதி வாங்குங்கள். ஆனால் அந்தப் படத்தை உங்கள் விருப்பத்துக்கு இணையத்தில் போட்டுவிடாதீர்கள். சார்ல்ஸ்டனில் ஒரு குடும்பம் தேடி அலையும் பெயர், நம் ஊரில் சாதி தெரிந்துவிடும் என்ற பயத்தில் ஒரு குடும்பம் மறைக்க விரும்பும் பெயராக இருக்கலாம். முதலில் அந்தக் குடும்பங்களில் யாராவது கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். கண்டுபிடித்தால் பிரதியை அவர்களிடம் கொடுத்து, பொதுவில் வைக்கலாமா என்று கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால், காப்பகத்தில் கொடுக்கும்போது, அவர்களின் சம்மதம் இல்லாமல் பெயர்களை வெளியிடக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள்.